எழிலரசி டீச்சரோட சாக்பீஸ்

எழிலரசி டீச்சரை எனக்கு மொதல்ல சுத்தமா புடிக்காது. திருவாரூர் பக்கத்துலேருந்து வந்து இங்க காட்டுப்பாக்கத்துல ஃபிளாட்டுல கீது. எம்பொண்ணு திவ்யா படிக்கிற ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர். ஆனா அங்க பாதி நாள் நெட் வராது. இந்தம்மா போர்டுல சாக்பீஸால, செல்லுல தேடுற எடம் மாதிரி நீளமா ஒரு பொட்டி வரைஞ்சு, உள்ளே கேள்வியை எழுதி, வேண்டாத வார்த்தையை அடிச்சு, நெட்டுல எப்படித் தேடணும்னு பசங்களுக்குச் சொல்லித் தரும். "சாக்பீஸ்ல இன்னா கம்ப்யூட்டரு"ன்னு தெரு பூரா நக்கல் பண்ணிக்கினு திரிஞ்சவ நான்.

அப்போ ஒரு மாசமா எனக்குக் கழுத்துல ஒரு கட்டி. வலியில்ல. யாருக்கும் தெரியாம செல்லுல, "கழுத்துல கட்டி கேன்சரா"ன்னு கேட்டேன். வந்ததெல்லாம் கேன்சர். அன்னிக்கே பாதி செத்துட்டேன், சோறு எறங்கல. ஊட்டுக்காரர் திருவேங்கடத்துகிட்டகூட மூச்சு விடல. டாக்டராண்ட போனா அது நெஜமாயிடும்னு பயம்.

அந்த நேரம் பார்த்து டீச்சர் வீட்டுப்பாடம் குடுத்துச்சு: ஊட்டுல யாருக்காவது ஒரு சந்தேகம் இருந்தா, அதைத் தேடிக்கினு வரணுமாம். திவ்யா என் பின்னாலயே சுத்துனா. "சந்தேகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, போடி"ன்னு தொரத்தினேன். அவ விடல. கடைசியில அழுதுட்டு செல்லை அவ கையில குடுத்தேன்.

நான் கேட்டிருந்ததைப் படிச்சதும் அவளுக்கும் மொகம் வெளுத்துப்போச்சு. "பயத்தையும் சேத்துக் கேட்டா, அது பயத்தைத்தாம்மா திருப்பித் தரும், டீச்சர் சொல்லிருக்காங்க"ன்னு அந்த 'கேன்சரா'வை எடுத்துட்டா. நான் நம்பின பக்கத்தைக் கீழ வரைக்கும் தள்ளிக் காட்டினா. கட்டி கரைக்கிற பவுடர் விக்கறான், பாவி. அப்புறம் புதுசா தேடினதுல ஒரு பெரிய ஆஸ்பத்திரியோட பக்கம் வந்துச்சு, எழுதின டாக்டர் பேரு, தேதி எல்லாம் போட்டது. நெறைய கட்டி சாதாரணமானதுதான், ஆனா மூணு வாரத்துக்கு மேல இருந்தா டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்னு இருந்துச்சு.

மறுநாள் திவ்யா டீச்சர்கிட்ட சொல்லிட்டா போல. சனிக்கிழமை காலையில ஸ்கூட்டியோட வாசல்ல நிக்குது அந்தம்மா. "ஏறுங்க வசந்தாம்மா. இதுக்கு மேல தேடக்கூடாது, காட்டணும்."

ஆஸ்பத்திரியில கட்டியில ஊசி குத்தி டெஸ்ட் எடுத்தாங்க. முடிவு வர்ற வரைக்கும் நான் செல்லைத் தொடல. முடிவு கேக்கப் போனப்பவும் டீச்சர்தான் கூட வந்துச்சு. "சாதாரணக் கட்டிதாம்மா, கேன்சர் இல்ல. ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க"ன்னு டாக்டர் சொன்னதும், வெளிய வந்து அப்படியே தரையில குந்திக்கினேன். அப்பாடான்னு ஒரு மூச்சு வந்துச்சு பாரு, அப்படி மூச்சு விட்டு எத்தினி நாளாச்சு. டீச்சரும் என் பக்கத்துல ஒக்காந்து கண்ணைத் தொடச்சுக்கிச்சு.

போன வாரம் ஸ்கூல்ல பெத்தவங்க கூட்டம். "கம்ப்யூட்டர் கிளாஸுக்கு சாக்பீஸ் எதுக்கு?"ன்னு ஒருத்தர் நக்கலா கேட்டார். டீச்சர் வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் எழுந்து போய் போர்டுல என் கேள்வியை எழுதினேன். 'கேன்சரா'ங்கற கடைசி வார்த்தையை அழுத்தி அடிச்சேன், சாக்பீஸ் ஒடஞ்சு கீழ விழுந்துச்சு. டீச்சர் இன்னொண்ணு எடுத்துக் குடுத்துச்சு.