பதினோராவது திரை

வயிற்றைக் கட்டிக்கொண்டு நடக்கிறார். ஏழு கிலோ மணல் வைத்துத் தைத்த துணி வயிறு, முதுகுப் பக்கம் இரண்டு பட்டைகள். திங்கட்கிழமைதோறும் இருபது நிமிடம் அதை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குள் நடப்பார், படிகளை ஏறி இறங்குவார். பிறகு கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு, "அப்பப்பா, இடுப்பு கழண்டுடுச்சு! தாய்மார்களோட கஷ்டம் இப்பத்தான் புரியுது," என்று சுற்றிலும் பார்ப்பார். வாரா வாரம் அது அவருக்கு அப்போதுதான் புரியும். அவர் தடுக்கி விழாமலிருக்க நாற்காலிகளை ஓரமாக இழுத்துப் போடுகிறவள் தரை துடைக்கும் பெண். அவளுக்கு எட்டாம் மாதம்.

கர்ப்பிணிகளுக்கான செயலி ஒன்றை வடிவமைக்கிறார் இந்த மனிதர். வசதியுள்ளவளுக்குக் கிடைக்கிற கவனிப்பு இல்லாதவளுக்கும் கிடைக்க வேண்டும், ஆபத்தின் அறிகுறி தெரிந்தால் செயலியே எச்சரிக்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. எதைப் பேசினாலும் கட்டம் போட்டே பேசுவதால் அலுவலகத்தில் அவருக்குக் 'கட்டம்' என்று பெயர். ஒரு கட்டத்தில் 'தாய்', அதிலிருந்து ஓர் அம்பு, அடுத்த கட்டத்தில் 'நலம்'. நடுவில் இருக்கிற பேருந்து, வரிசை, மாமியார், எரிந்து விழுகிற டாக்டர் எல்லாம் அந்த அம்புக்குள் அடங்கிவிடும்.

கண்ணாடிச் சுவர் முழுக்க ஐந்து வண்ண ஒட்டுச்சீட்டுகள். 'காது கொடுத்துக் கேள்' என்று பச்சையில் ஒன்று. அதை அவர் விருந்தாளிகளுக்கு விளக்கும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது.

பிரசவ அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த நர்ஸ் ஒருவரை ஆலோசகராக வைத்திருந்தார்கள். வெறும் பேருக்குத்தான். மூலை நாற்காலி, இரண்டு வேளை காபி, குழுப் படத்தில் முன்வரிசை. முதல் வாரமே அவர் சொன்னார்: "தம்பி, தலை வலிக்குதா, கண்ணு மங்குதா, இதை மொதல்ல கேளுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

கட்டம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "சூப்பர் சிஸ்டர்! ஆனா எடுத்த எடுப்புல பயமுறுத்தக் கூடாது. யூசரை மெதுவா கூட்டிட்டுப் போகணும்."

அந்தக் கேள்வி பதினோராவது திரைக்குப் போனது. அதற்கு முன்னால் வரவேற்பு, பூ விரிகிற படம், பிடித்த நிறம் எது என்ற கேள்வி. நர்ஸுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பிடித்த நிறத்தைக் கேட்காததால் அவருடைய இருபத்திரண்டு வருடத்தில் ஒருத்தியும் செத்ததில்லை.

போன வாரம் ஒரு நாள், மேலிடத்து ஆட்கள் மூன்று மணிக்குப் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்குள் நிஜமான கர்ப்பிணி ஒருத்தி செயலியைத் தொட்டுப் பார்ப்பதைப் படம் பிடித்தாக வேண்டும். கட்டம் நாலு பக்கமும் ஆள் தேடினார். மாதக்கணக்காகக் கண்ணெதிரே நடமாடிய வயிறு அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது.

"வாம்மா, உக்காரு. பயப்படாத, இது பரீட்சை இல்ல."

அவள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டேப்லெட்டைக் கையில் கொடுத்தார். நாலாவது திரையில் அவள் விரல் நின்றுவிட்டது.

"எழுத்து மங்கலா இருக்கு சார். ரெண்டு ரெண்டா தெரியுது."

"அருமை! இதுதான் ஃபீட்பேக்!" கட்டத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது. மஞ்சள் சீட்டில் 'எழுத்து சிறியது' என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். எழுத்தைப் பெரிதாக்கினார். "இப்ப?"

"அப்படியேதான் இருக்கு சார்."

இன்னும் பெரிதாக்கினார். இன்னும். கடைசியில் 'மகிழ்ச்சி' என்ற ஒரே சொல் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கும் அவள் கண்ணைக் கசக்கினாள்.

நர்ஸ் மூலையிலிருந்து எழுந்து வந்தார். அவள் முகம் உப்பியிருந்தது. கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினார், குழி அப்படியே நின்றது.

"தலைவலி எப்பலேருந்தும்மா?"

"முந்தாநாள்லேருந்து சிஸ்டர். வேலை அலுப்புன்னு நெனச்சேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாரும் கேக்கல சிஸ்டர்."

கைப்பையில் எப்போதும் இருக்கும் ரத்த அழுத்தக் கருவியை எடுத்துக் கட்டினார். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. இந்த அளவோடு வந்து, வலிப்பு கண்டு, வீடு திரும்பாதவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

"தம்பி, வண்டியை வரச் சொல்லுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து."

கட்டம் கையைப் பிசைந்தார். "கண்டிப்பா சிஸ்டர், கண்டிப்பா. ஆனா இன்னும் ஏழு திரைதான் பாக்கி. தலைவலிக் கேள்வி பதினொண்ணுல வருது. அதை இவங்களே தொட்டுட்டா செயலியே எச்சரிக்கை குடுத்துடும். அஞ்சே நிமிஷம்..."

அந்த அலுவலகத்தில் நர்ஸ் முதல் முறையாகக் கத்தினார். என்ன கத்தினார் என்பது அச்சில் வரக்கூடியதல்ல. கீழே வண்டி வந்து நின்றது. அன்று மாலையே அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள், இரண்டு உயிரும் தப்பின. அதை இங்கேயே சொல்லிவிடுவதுதான் நியாயம், ஏனென்றால் இந்தச் சித்திரம் கட்டத்தினுடையது, அவளுடையதல்ல.

லிஃப்டுக்காகக் காத்திருக்கையில், அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்தபடி நர்ஸ் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் கட்டம் தனியாக நின்றிருந்தார். முகத்தில் உண்மையாகவே கவலை தெரிந்தது. மஞ்சள் சீட்டை உரித்துக் கசக்கினார். பிறகு டேப்லெட்டைக் கையில் எடுத்து, எழுத்தை ஒவ்வோர் அளவாகக் குறைத்து, பழையபடி சிறிதாக்கினார்.