இல்லாத மூட்டையை விற்கிறவன்

செஞ்சி விற்பனைக்கூடத்தில், எங்கள் பேச்சில் கமிட்டியில், மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோதுதான் நான் பங்கு வாங்கினேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு திருப்பூர், சூரத், பெங்களூரு என்று அலைந்தவன். பழைய சுமைவண்டி ஒன்று விலைக்கு வந்தது. அதை வாங்கினால் இந்த ஊரிலேயே இருந்துவிடலாம். முன்பணத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. சேர்த்ததைப் பங்கில் போட்டு வைத்தால் வளரும் என்றார் சிங்கவரத்து அண்ணன். நிலக்கடலை பயிர் செய்பவர். அவர் வைத்திருந்த சின்னக் கம்பெனியின் பங்கையே நானும் வாங்கினேன்.

வாங்கியதிலிருந்து அது இறங்கியது; போனில் விலை சிவப்பாகவே தெரிந்தது.

"இன்னாண்ணா, இன்னைக்கும் செவப்பாவே இருக்குது?"

"ஷார்ட் அடிக்கிறானுங்கடா. கையில பங்கே இல்லாம விக்கிறான். நாம பயந்து வித்ததும் கம்மி வெலைக்கு வாங்கி கணக்க முடிச்சிக்குவான்."

"இல்லாதத எப்படிண்ணா விக்கிறது?"

"நான் வெறுங்கையோட கமிட்டிக்கு வந்து நாப்பது மூட்டைனு சொன்னா எடை போடறவன் செருப்பால அடிப்பான். அங்க அதான் யாவாரம்."

விற்பனைக்கூடத்தில் வியாபாரிகள் பேசி வைத்துக்கொண்டு விலையைக் குறைத்து எழுதும் நாட்கள் உண்டு. அப்போது விவசாயிகள் விற்க மறுத்து மூட்டைகள் மேலேயே உட்கார்ந்துவிடுவார்கள். மறுநாள் விலை கொஞ்சம் ஏறும். அண்ணன் பலமுறை முன்னால் நின்று அப்படி உட்கார வைத்தவர். பங்குக்கும் அதையே சொன்னார். டீக்கடையில் அதே பங்கை வைத்திருந்த எல்லோரும் விற்பதில்லை என்று தலையாட்டினோம்.

இல்லாததை விற்றவன் அன்றைக்கே பங்குச் சந்தை மூடுவதற்குள் திரும்ப வாங்கியாக வேண்டும் என்று போனில் ஒரு வீடியோவில் ஒருவர் பேசியதைக் கேட்டேன். அப்படியானால் மாலையில் விலை ஏற வேண்டுமே? தினமும் மூட்டை இறக்கி முடித்து, தோளில் தூசியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறவில்லை. கைமாறியதில் எவ்வளவு உண்மையாகவே ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போனது என்றும் போனில் பார்க்கலாம். பெரும்பகுதி போயிருந்தது. அப்படியானால் விற்றது இல்லாத மூட்டையை அல்ல; நிஜமாகவே பங்கைக் கையில் வைத்திருந்த யாரோதான் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

டீக்கடையில் அண்ணனிடம் சொன்னேன்.

"எட்டாவது படிச்சிட்டு எனக்கே டியூசன் எடுக்குறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"சாயங்காலம் அவன் வாங்கணும்லண்ணா? வாங்கலியே."

"நாளைக்கி வாங்குவான். உக்காரு."

மறுநாள் விற்றுவிட்டேன். முன்பணத்தில் பாதிகூடத் தேறவில்லை. வண்டிக்காரரிடம் எனக்காக வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பங்கு இன்னும் இறங்கியது. அண்ணன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"வித்துட்டியா நீ?"

"வித்துட்டேண்ணா."

"பாரு. மூட்டை மேலருந்து ஒருத்தன் எழுந்தா போதும், வெல மொத்தமும் படுத்துக்கும். எத்தினி வாட்டி கமிட்டில பாத்திருக்கே?"

என்னுடைய கையளவுப் பங்குகள்தான் விலையைத் தள்ளின என்று அவர் உண்மையாகவே நம்பினார். அடுத்த முறை அவர் கடலை கொண்டுவந்தபோது மூட்டை இறக்க வேறு ஆளைக் கூப்பிட்டார். டீக்கடையிலும் பெஞ்சில் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை.

அறுவடை இயந்திரத்தோடு தஞ்சாவூர்ப் பக்கம் போக ஆள் கேட்டார்கள். வருகிறேன் என்றேன்.