படகுத்துறையின் கை கிரேன்

ரங்கூன் ஆற்றங்கரையில் என் கணவர் படகு எஞ்சின் பழுது பார்க்கிற துறையில், வெள்ளைக்காரன் காலத்துக் கிரேன் ஒன்று நிற்கிறது. இரண்டு பக்கமும் பிடியைப் பிடித்து ஆட்கள் கையால் சுற்ற வேண்டியது. மின்சாரக் கிரேன் வந்தபிறகு அதை யாரும் தொடுவதில்லை. லாட்டரிச் சீட்டு விற்கிற பர்மாக்கார அம்மா மட்டும் தன் குடையை அதில் கட்டியிருப்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். எல்லோரும் ஒரு சரக்குப் படகைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லாததால் சங்கிலிக் கப்பி கட்டி எஞ்சினைத் தூக்கியிருக்கிறார்கள். சங்கிலி அறுந்து எஞ்சின் சரிந்துவிட்டது. அதற்கும் படகுச் சுவருக்கும் நடுவே என் கணவரின் கால். அடிப்பலகை பிளந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தேன். இடுப்புவரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதா?"

"கால் இருக்குன்னே தெரியல. நீ இறங்காதே."

கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மேஸ்திரி பழைய கிரேனைத் திரும்பிப் பார்த்தார். "இது சுத்துமா?" என்று பர்மியில் கேட்டார். லாட்டரிச் சீட்டு அம்மாதான் முதலில் எழுந்து குடையை அவிழ்த்து வீசினார்.

பல்சக்கரங்களில் மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். கொக்கியை இறக்கி எஞ்சினில் மாட்டினார்கள். ஆண்கள் பிடியில் தொங்கியும் அது அசையவில்லை. நானும் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே போட்டுவிட்டுப் பிடியைப் பற்றினேன். துரு பொடிப்பொடியாகக் கொட்டியது. ஒரு பல் நகர்ந்தது. "நிறுத்தாதீங்க!" என்று நான் தமிழில் கத்தினேன். அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். யாரும் நிறுத்தவில்லை. கீழே தண்ணீர் அவர் நெஞ்சைத் தொட்டபோது எஞ்சின் மெல்ல மேலே எழும்பியது. இரண்டு பேர் அவரை அக்குளில் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எலும்பு முறியல, சதை மட்டும்தான் நசுங்கியிருக்கு" என்றார். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"எனக்குத்தானே கால் போச்சு, நீ ஏன் உக்காந்துட்டே?" என்றார் அவர்.

அழுதுகொண்டே சிரித்தேன். பிறகு வெளியே போய், அவருக்குச் சூடாக மொஹிங்கா, அந்த ஊர் மீன் சூப், வாங்கி வந்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.