குட்லு கேட் அருகே கனத்த ஸ்டியரிங்

25.10.2001, வியாழக்கிழமை, ஆயுத பூஜை. காலை ஏழு மணிக்கு உத்தமன் தன் வேனைக் கழுவினார். பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேலும் ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சினார். அதற்குச் சற்று முன் பவர் ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவின் மூடியை அளவு பார்க்கக் கழற்றியவர், திரும்பப் போட மறந்திருந்தார்.

அவருக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. கிருஷ்ணகிரிக்காரர், பொம்மனஹள்ளிக்கு வந்து பதினோரு வருடம். அதில் பத்து வருடம் பழைய அம்பாஸிடர் ஓட்டியவருக்கு, ஒரு விரலால் திருப்பக்கூடிய இந்த வேன் பெரிய பெருமை. பொம்மசந்திராவிலுள்ள துணி ஆலைக்குப் பதினோரு பெண்களை ஏற்றிப்போவார். அவர்களில் ஒருத்தி அவர் மனைவி பாமா, அங்கே தையல்காரி. ஆலையில் வருகை பதியும் டைம் ஆபீஸில் இருந்த நான் முன் சீட்டில் போவேன்.

அன்று மாலை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வண்டியை நகர்த்தியபோது ஸ்டியரிங் முனகியது. திறந்து பார்த்தார். சிவப்பு எண்ணெய் ரோஸ் மில்க் போல வெளுத்து நுரைத்திருந்தது. யாரையும் 'குரு' என்றே கூப்பிடும் மெக்கானிக் எத்திராஜிடம் ஓடினார்.

"தண்ணி போயிருக்குது குரு. முழுக்க எறக்கிக் கழுவி, புதுசு ஊத்தணும்."

"இப்பவே பண்ணிடுப்பா."

"ஸ்பேனரெல்லாம் சாமி முன்னாடி இருக்குது. சனிக்கிழமைதான் தொடுவேன்."

"நாளைக்கு டூட்டி இருக்குதே!"

"ஓட்டாத. நுரை ஏறிச்சுன்னா ஸ்டியரிங் திடீர்னு கல்லு மாதிரி ஆயிடும்."

மறுநாள் விஜயதசமி. ஆனால் ஏற்றுமதிச் சரக்கு பாக்கி இருந்ததால் ஆலை திறந்திருந்தது. ஒரு நாள் வேன் வராவிட்டாலும் வேறு வண்டி வைத்துக்கொள்வோம் என்று மேலாளர் இரண்டு முறை எச்சரித்திருந்தார். உத்தமன் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

6.50க்குப் புறப்பட்டோம். முதல் திருப்பத்திலேயே வண்டி முனகியது.

"என்னய்யா, நேத்துப் பூஜை போட்ட வண்டி இன்னிக்கு எருமை மாதிரி கத்துது?" என்றாள் பாமா, அவருக்கு நேர் பின்னாலிருந்து. பெண்கள் சிரித்தார்கள். உத்தமன் சிரிக்கவில்லை. குளிர்ந்த காலையில் அவர் கழுத்து வியர்த்திருந்தது.

7.08க்குக் குட்லு கேட் அருகே முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. உத்தமன் பிரேக்கை மிதித்துக்கொண்டே வலப்பக்கம் ஒடித்தார். ஸ்டியரிங் திரும்பவில்லை. சீட்டிலிருந்து பாதி எழுந்து, இரண்டு கைகளாலும் தொங்கினார். லாரியின் பின்பலகை என் முகத்தை நோக்கி வந்தது. பிறகு ஒரே உதறலில் சக்கரம் இளகி, வண்டி நடுத்திட்டுப் பக்கம் பாய்ந்தது. பின்னால் வந்த பஸ் அலறியது. லாரி என் ஜன்னலிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கடந்தது.

ஓரமாக நிறுத்திய பிறகும் அவர் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை.

"இனிமே ஓட்ட மாட்டேன் சார். நேத்தே தெரியும். நான்தான் தண்ணிய உட்டுட்டேன்."

"தெரிஞ்சா ஏத்துன?" என்றாள் பாமா. "ரெண்டு பேரும் போயிருந்தா வீட்ல இருக்கற புள்ளைங்க?"

நாங்கள் பஸ் பிடித்து ஆலைக்குப் போனோம். நாற்பது நிமிடம் தாமதம். உத்தமன் டெலிபோன் பூத்திலிருந்து எத்திராஜைக் கூப்பிட்டாராம். பத்தரை மணிக்கு எத்திராஜ் வந்தபோது ஸ்பேனர்களில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தனவாம். "சாமிகிட்ட கேட்டுத்தான் எடுத்தாந்தேன். நீ கேட்டிருந்தா குடுத்திருக்கமாட்டார்" என்றாராம். மூன்று முறை எண்ணெய் ஊற்றி இறக்கிய பிறகுதான் சிவப்பு சிவப்பாகவே வந்தது.

மாலை 5.35க்கு வேன் ஆலை வாசலில் நின்றது. யாரும் ஏறவில்லை. பாமா பானெட்டைத் திறக்கச் சொல்லி, மூடியைத் தானே கழற்றி எண்ணெயைப் பார்த்தாள்.

"காலியா ஓட்டிக் காட்டுய்யா."

ஆலை மைதானத்தில் இரண்டு சுற்று ஓட்டினார். அவள் முன்சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏறினாள். அவளோடு ஆறு பேர் ஏறினார்கள். நான்கு பேர் பஸ்ஸுக்குப் போனார்கள்.

பொம்மனஹள்ளி வரை முன்னால் லாரி தெரியும்போதெல்லாம் உத்தமன் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது அசைத்துப் பார்த்தார். அது திரும்பியது. அடுத்த லாரி வந்ததும் மறுபடி அசைத்துப் பார்த்தார்.