வாயில் சொன்ன வாடகை

திங்கட்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு உடுமலைப்பேட்டையில் கோயம்புத்தூர் பேருந்தில் ஏறினேன். பொள்ளாச்சி வழியாக ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

நான் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். கடைக்குப் புதிதாக எம்ப்ராய்டரி மிஷின் வருகிறது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள கோயம்புத்தூரில் இரண்டு நாள் பயிற்சி. தங்குவதற்கு முதலாளியம்மா ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார். இதற்கு முன் நான் தனியாக ஓட்டலில் தங்கியதில்லை.

ஓட்டல் அறையை விமானக் கம்பெனியின் செயலி வழியாகப் பதிவு செய்திருந்தேன். அதற்குக் காரணம் என் மகள் ஷீபா. அவள் சிங்கப்பூரில் இருக்கிறாள். தை மாதம் பிரசவம். மாமியார் இல்லாத வீடு. நான் போயாக வேண்டும், டிக்கெட்டுக்குக் கையில் வழியில்லை. ஆனால் முன்பு இருமுறை அந்தக் கம்பெனி விமானத்தில் அவளிடம் போய் வந்ததில் என் பெயரில் புள்ளிகள் சேர்ந்திருந்தன. இன்னும் அறுநூற்று நாற்பது சேர்ந்தால் அந்தப் புள்ளிகளிலேயே போய் வர டிக்கெட் எடுக்கலாம். செயலியில் ஓட்டல் பதிவு செய்தால் பத்து ரூபாய்க்கு ஒரு புள்ளி. ஓர் இரவுக்கு மூவாயிரத்து நானூற்று எண்பது ரூபாய். இரண்டு இரவுக்கு அறுநூற்றுத் தொண்ணூற்றாறு புள்ளிகள். ஐயாயிரத்துக்கு மேல் ஆவதை என் கையிலிருந்து போடுவதாக முடிவு செய்துகொண்டேன். இதை விட்டால் எனக்கு ஓட்டலில் தங்க வேறு வேலை வராது.

பக்கத்தில் இருந்த பெண் பெதப்பம்பட்டிக்காரர். கேட்காமல் விடவில்லை.

"ஏனுங்க, கோயமுத்தூர்ல சொந்தக்காரங்க ஊடு ஒண்ணுமில்லீங்களா? லாட்ஜுலயா தங்கறீங்க?"

புள்ளிகள் பற்றிச் சொன்னேன்.

"மளிகைக் கடையில கூப்பன் குடுப்பாங்களே, அந்த மாதிரிங்களா?"

"அந்த மாதிரிதானுங்க."

"நானும் அத சேத்தி ஒரு டப்பா வாங்கினனுங்க. டப்பா நல்ல டப்பாதான். மூடிதான் சேரல."

பொள்ளாச்சியில் அவர் இறங்கிவிட்டார். மூன்றரைக்கு உக்கடம். அங்கிருந்து காந்திபுரத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துனர் கொடுத்த சீட்டை மணிபர்ஸில் வைத்துக்கொண்டேன். ஓட்டல் பிரதான சாலையிலிருந்து இரண்டாவது சந்து. நான்கு மாடி, ஒரு லிஃப்ட், வாசலில் துளசிச் செடி. மணி நான்கு இருபது.

வரவேற்பு மேசையில் அறுபது வயது மதிக்கத்தக்க மேனேஜர் இருந்தார். எனக்கு முன்னால் கோபிசெட்டிபாளையத்துக்காரர் ஒருவர் நின்றார். கையில் வாழைத்தார் ஏற்றி இறக்கிய கறை.

"ஏனுங்க, ரூம் இருக்குதுங்களா? ரெண்டு நாளைக்கு."

"உங்களுக்கு இல்லாமங்களா. ரெண்டாயிரத்து எண்ணூறு போட்டுக்கறனுங்க."

"என்னங்க, போன தடவைதான் வந்துட்டுப் போனேன். நம்மளுக்குமா அந்த ரேட்டு?"

"செரி உடுங்க. ரெண்டாயிரத்து நானூறு குடுங்க. காலைல டிபன் நம்மளது."

சாவியை வாங்கிக்கொண்டு அவர் மாடியேறிவிட்டார். என் பதிவில் மூவாயிரத்து நானூற்று எண்பது. அதில் டிபனும் இல்லை.

நான் சோபாவில் போய் உட்கார்ந்தேன். அந்தச் செயலியில் ஒரு விலை உத்தரவாதம் உண்டு. பதிவு செய்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதே அறை வேறெங்காவது குறைவாகக் கிடைப்பதைக் காட்டினால் வித்தியாசத்தைத் தந்துவிடுவார்கள். புள்ளிகள் குறையாது. நான் பதிவு செய்தது முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு. நேரம் இருந்தது. படிவத்தைத் திறந்தேன். குறைந்த விலை தெரியும் பக்கத்தின் படத்தை இணைக்கவும் என்று கேட்டது. நான் அந்த விலையைக் காதால்தான் கேட்டிருந்தேன்.

இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன். பிறகு மேசைக்குப் போனேன்.

"ஏனுங்க, முன்னாடி அவருக்குச் சொன்ன ரேட்ட ஒரு காகிதத்துல எழுதித் தருவீங்களா?"

மேனேஜர் சிரித்தார். "எழுதிக் குடுத்தா அது ரேட்டுங்க அம்மணி. வாயில சொன்னா அது மருவாதி. ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்க முடியுங்களா?"

என் பதிவை அவருடைய கணினியில் பார்த்தார். முகம் மாறியது.

"அடடா, மூவாயிரத்து நானூத்தி எண்பதுங்களா? எதுக்குங்க வெளிய போயி புக் பண்ணுனீங்க? ஆறு மணி வரைக்கும் கேன்சல் பண்ணுனா காசு புடிக்க மாட்டாங்க. அதக் கேன்சல் பண்ணிப்போட்டு நேரா எங்கிட்ட வாங்க. உங்களுக்கும் ரெண்டாயிரத்து நானூறுதான்."

"செரிங்க" என்றேன்.

எங்கள் பக்கம் 'செரிங்க' என்றால் ஒப்புக்கொண்டோம் என்று எப்போதும் அர்த்தமில்லை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கும் அதைத்தான் சொல்வோம். யோசித்துச் சொல்கிறேன் என்பதற்கும் அதுதான். மேனேஜரும் எங்கள் பக்கத்து ஆள்தான். ஆனால் அவர் ஓர் உதவி செய்யும் வேகத்தில் இருந்தார்.

"போனக் குடுங்க, நானே பண்ணித் தாரேன்" என்று கை நீட்டினார். கொடுத்துவிட்டேன். நான்கைந்து முறை தட்டினார். பதிவு ரத்தாகிவிட்டது. இரண்டாயிரத்து நானூறுக்குப் பில் போட்டுச் சாவியைக் கொடுத்தார்.

மூன்றாவது மாடி, 306. சுத்தமான அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. ஐந்து மணிக்கு ஷீபாவை அழைத்துச் சொன்னேன்.

"அம்மா, எதுக்குச் செரின்னு சொன்ன?"

"அவரு அன்பாச் சொன்னாரு கண்ணு."

"அப்ப பாயிண்ட்டு?"

"அது போச்சு கண்ணு" என்றேன். "செரி உடும்மா, பாத்துக்கலாம்" என்றாள். அவள் சொன்ன 'செரி' என்ன வகை என்று எனக்குத் தெரியும்.

ஐந்தே காலுக்கு லிஃப்ட்டில் இறங்கினேன். சொல்ல வேண்டியதை மூன்று மாடிக்கும் மனதில் சொல்லிப் பார்த்தேன். கீழே வந்ததும் வேறு மாதிரி வந்தது.

"எனக்கு அந்தப் பழைய ரேட்டே வேணுமுங்க."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது வருசமா இந்த டேபிள்ல இருக்கறனுங்க அம்மணி. கொறைங்கன்னு கேட்டவங்க ஆயிரம் பேரு. ஏத்துங்கன்னு கேட்டது நீங்க ஒருத்தருதான்."

மகளின் பிரசவத்தையும் புள்ளிகளையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்கள்ல?"

"வேண்டாமுன்னு சொல்ல வாய் வரலீங்க."

"நானும் கேக்காம தட்டிப்போட்டேன். தப்புத்தானுங்க."

அவர் போட்ட பில்லை ரத்து செய்தார். நான் அங்கேயே நின்று செயலியில் மறுபடி பதிவு செய்தேன், இந்த முறை என் விரலாலேயே. ஒரு மணி நேரத்துக்குள் வாடகை மூவாயிரத்து எண்ணூற்று அறுபது ஆகியிருந்தது. அது அவர்கள் போடும் விலை, தன் கையில் இல்லை என்றார் மேனேஜர். இரண்டு இரவுக்கு ஏழாயிரத்து எழுநூற்று இருபது. எழுநூற்று எழுபத்திரண்டு புள்ளிகள்.

மறுநாள் காலை அறைக்கு இரண்டு இட்லியும் ஒரு வடையும் வந்தன. என் பதிவில் டிபன் இல்லை என்று கொண்டுவந்தவரிடம் சொன்னேன். மேனேஜர் வாயில் சொல்லியிருக்கிறார் என்றார்.

பயிற்சி நன்றாக நடந்தது. மிஷினில் பன்னிரண்டு ஊசி. நூல் அறுந்தால் தானே நின்றுவிடுகிறது.

ஊர் திரும்பியதும் இந்தப் புள்ளிகளும் விலை உத்தரவாதமும் பிரயோசனம்தானா என்று கடையில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உத்தரவாதம் எழுதிப்போட்ட விலைக்குத்தான் பொருந்தும். எங்கள் பக்கத்து ஓட்டல்களில் நல்ல விலை எழுத்தில் இருப்பதில்லை, ஆள் முகம் பார்த்து வாயில் வருகிறது. அதைப் படம் எடுத்து அனுப்ப முடியாது. புள்ளிகளுக்காக நான் கூடுதலாகக் கொடுத்தது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபாய். போகுமிடம் ஒன்றும் இல்லாதவர் அப்படிச் சேர்ப்பது வீண். நேராகப் போய்க் கேட்பதே மேல். எனக்குப் போகுமிடம் இருந்தது. மூன்று வாரம் கழித்துப் புள்ளிகள் வந்து சேர்ந்தன. அன்றே ஷீபா டிக்கெட் போட்டுவிட்டாள். மார்கழிக் கடைசியில் பயணம்.

அந்தப் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, இரண்டாம் நாள் பயிற்சிக்குக் கிளம்பி ஓட்டலைக் காலி செய்தபோது மேனேஜர் எழுந்து நின்று வழியனுப்பினார்.

"பேரனோ பேத்தியோ, பொறந்ததும் ஒரு போன் பண்ணுங்க. அடுத்த தடவ அந்த ஆப்பெல்லாம் வேண்டாம், நேரா வாங்க அம்மணி."

போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

"செரிங்க" என்றேன்.