முதலாளி போடும் பங்கு

திருமலைராயன்பட்டினத்தில் ரிஃபாய் நடத்தும் ஐஸ் பேக்டரியில், படகுக்காரர்களுக்கு ஐஸ் ஏற்றி அனுப்புவது சொர்ணாம்பாளின் பொறுப்பு. யார் எதைச் சொன்னாலும் இன்னொரு தடவை கேட்டுக்கொள்வாள். முன்பு அவள் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் பி.எஃப். என்று சொல்லி மாசாமாசம் சம்பளத்தில் பிடித்தார்கள். கடையை மூடியபின் போய்க் கேட்டால், அவள் பெயரில் கணக்கே இல்லை.

அதனால் ரிஃபாய் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னபோது, அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"நாம ஒன்பது பேருதான். பி.எஃப். கட்டணும்னு நமக்குச் சட்டம் இல்ல. ஆனா சார்ஜாவுலேர்ந்து கிளம்புறப்ப கம்பெனி குடுத்த பணத்துலதான் நான் இதை ஆரம்பிச்சேன். நீங்களும் கடைசியில வெறுங்கையோட போகக் கூடாது. ஆளுக்கொரு பென்சன் கணக்கு தொடங்குவோம். நீங்க போடுற அளவு நானும் போடுறேன்" என்றார்.

சும்மா யார் பணம் கொடுப்பார்கள் என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது.

"நடுவுல நின்னுட்டா?" என்று கேட்டாள் சொர்ணாம்பாள்.

"அஞ்சு வருசத்துக்குள்ள நின்னா என் பங்கு உங்களுக்கு வராது."

"நாங்களா நிக்காம, நீங்க நிறுத்துனா?"

ரிஃபாயின் முகம் சுருங்கியது. "என்னையா அப்படி நெனைக்கிறீங்க, அக்கா?"

"இன்னிக்கு நெனைக்கல பாய். நாலரை வருசம் கழிச்சு எப்படியோ."

ரிஃபாய்க்கும் சந்தேகம் இருந்தது. தன் பணத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு ஆட்கள் காரைக்காலில் உள்ள பெரிய பேக்டரிக்குப் போய்விட்டால்? அந்த ஐந்து வருசக் கெடுவே அதற்குத்தான். "இப்படிக் கட்டிப்போட்டா யாரு சேருவா?" என்றாள் அவர் மனைவி அஃபீஃபா.

ஒரு வாரம் யோசித்து, அந்தக் கெடுவை எடுத்துவிட்டு ரிஃபாய் திட்டத்தை மாற்றினார். சேர்ந்த முதல் வருசம் தொழிலாளி போடுவதில் பாதியை அவர் போடுவார், பிறகு சமபங்கு. போட்ட பணம் அப்போதே அவரவர் பெயருக்குப் போய்விடும். மீன்பிடித் தடைக்காலத்தில் அரைச் சம்பளம்தான் என்பதால், அப்போது அவர் மட்டும் போடுவார்.

சொர்ணாம்பாளைத் தவிர எல்லாரும் சேர்ந்தார்கள். கடைசியாகச் சொன்னது அவளுக்கு உறுத்தியது. படகே ஓடாமல் அவருக்கே வருமானம் இல்லாதபோது பங்கு போடுவாராமா? மெஷின் ஓட்டும் மாணிக்கவேலின் போனை வாங்கி, பணம் ஏறியதா என்று மாசாமாசம் பார்த்தாள்.

தடைக்காலம் வந்தது. மெஷின் நின்றது. அந்த மாசம் மாணிக்கவேலுக்குப் பணம் ஏறவில்லை. சொர்ணாம்பாள் நேராக ரிஃபாய் வீட்டுக்குப் போனாள்.

"கரண்ட் பில்லக் கட்டிட்டுப் போடலாம்னு வெச்சிருந்தாங்க" என்றாள் அஃபீஃபா.

"அடுத்த மாசம் வேற பில்லு வரும்ங்க."

"நீங்கதான் சேரவே இல்லையே, உங்களுக்கென்ன?"

"அவங்களுக்கு ஒழுங்கா வந்தாத்தானே நான் சேருறது?"

ரிஃபாய் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் பணம் ஏறிவிட்டது. அடுத்த மாசம் கேட்காமலே ஏறியது.

படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும் சொர்ணாம்பாள் சேர வந்தாள். மற்றவர்களுக்குச் சமபங்கு வரப்போகிற நேரம். தனக்கும் அப்படியே போடச் சொன்னாள்.

"முதல் வருசம் பாதிதான், அக்கா. உங்களுக்கு மட்டும் மாத்துனா நாளைக்கு எதை வேணும்னாலும் மாத்துவேன்னு நீங்களே சொல்வீங்க."

சரி, பாதியே போடட்டும் என்று ஒத்துக்கொண்டாள். மாசாமாசம் தான் போட, இருப்பதிலேயே குறைந்த தொகையைச் சொன்னாள். வெளியே வந்ததும் மாணிக்கவேல், "அவ்வளவுதானா?" என்று கேட்டான்.

"ஒரு வருசம் போகட்டும். பார்த்துட்டுக் கூட்டுறேன்" என்றாள்.