மெனுவைப் பிடுங்கும் அக்கா

"அதக் குடுங்க இப்படி" என்று சொல்லி, புதிதாக வந்து உட்கார்ந்தவரின் கையிலிருந்து மெனு அட்டையைப் பிடுங்கி அக்குளில் செருகிக்கொள்கிறார் ஸ்மரான்டா அக்கா. வந்தவர் முதல் பக்கத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. அக்கா இரண்டடி தள்ளி நின்று, நாக்கை நீட்டச் சொல்லும் டாக்டரைப் போல அவர் முகத்தைப் பார்க்கிறார். "ராத்திரி சரியாத் தூங்கல. வயிறும் காலி. குடல் சூப் கொண்டாரேன், மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." பொரித்த மீன் என்று ஏதோ சொல்ல அந்த மனிதர் வாயெடுப்பதற்குள் அக்கா அடுக்களைக்குள் போயாயிற்று.

பிரய்லா ஊரில், டான்யூப் நதித் துறைமுகத்திலிருந்து மேடேறும் தெருவில், ஒரு நாலு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கிறது ஃபனெல் அண்ணன் கடை. சமையல் அண்ணன். மற்ற எல்லாம் அக்கா. மெனுவில் நாற்பது பதார்த்தம் இருக்கிறது. அதில் பாதியை அண்ணன் சமைத்தே பார்த்ததில்லை. அட்டை அடித்துக் கொடுத்த அச்சகக்காரர், இடம் காலியாகக் கிடக்கிறதே என்று அவராகவே அவற்றைச் சேர்த்துவிட்டார். ஆகவே அக்கா அட்டையைப் பிடுங்குவதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

சூப்பில் வினிகரை வாடிக்கையாளர் ஊற்றிக்கொள்ள விடமாட்டார். பூண்டு விழுதும் புளித்த பாலேடும் அவர் கையாலேயே விழவேண்டும். பச்சை மிளகாயைத் தட்டோரமாக ஒதுக்கினால் வந்துவிடுவார். "தனியாக் கடிச்சா அது மிளகா. சூப்போட கடிச்சாத்தான் சாப்பாடு. கடிங்க, நான் நிக்கிறேன்." சூப்பை மீதம் வைத்தவருக்கு பப்பனாஷ் கிடையாது. பாலாடைக்கட்டி மாவை வடைபோலப் பொரித்து, மேலே பாலேடும் செர்ரி ஜாமும் வழிய வைக்கும் அந்த இனிப்புக்காகவே கடைக்கு வருகிற வக்கீல் ஒருவர், அரைக் கிண்ணம் சூப்பை விட்டுவிட்டுக் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். கோர்ட்டில் அவர் எப்படியோ, அக்காவிடம் அவருடைய வாதம் எடுபட்டதில்லை.

விரத நாளென்றால் கேட்கவே வேண்டாம். மருந்துக்கடை ரொதிகா ஒரு வெள்ளிக்கிழமை, சுட்ட கறி உருண்டையும் கடுகுச் சாந்தும் வேண்டுமென்று குசுகுசுவென்று கேட்டாள். "உங்கம்மா அடுத்த பிளாக்லதான் இருக்காங்க. சன்னல் வேற தொறந்திருக்கு" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, அவள் முன்னால் பீன்ஸ் மசியலை வைத்தார் அக்கா.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யார் எங்கே உட்காரவேண்டும் என்பதில்தான் அக்காவிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. மேசையின் மூலையில் உட்கார்ந்தவருக்குக் கல்யாணம் ஆகாது என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். மற்ற வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அக்கா சிரிக்கமாட்டார். கல்யாணமாகாத யாராவது மூலையில் ஒண்டினால், ஆளோடு நாற்காலியைப் பிடித்து நகர்த்திவிடுவார். "அத்தன எடம் கெடக்கு, ஒனக்கு மூலைதான் கேக்குதா? நவுரு." பேட்டையில் நடந்த கல்யாணங்களில் பாதி தன்னால் நடந்தவை என்பது அவர் கணக்கு.

கூட்டம் கலைந்தபிறகு, அடுக்களை வாசலை ஒட்டிய சின்னச் சதுர மேசைக்கு அக்கா தன் தட்டோடு வருவார். ஏப்ரனை அவிழ்க்காமல், ஒரு காலை வெளியே நீட்டியபடி, மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அதே மூலையில்தான், என்றைக்கும்.

இளவயதில் அவருக்கு நிச்சயமாகியிருந்தது. நிச்சய விருந்துக்கு ஆட்கள் அதிகம், நாற்காலி குறைவு. எல்லாரையும் வசதியாக உட்காரவைத்துவிட்டு, கல்யாணப் பெண் மேசை மூலையில் ஒண்டிக்கொண்டாள். மாப்பிள்ளை கட்டட வேலைக்கு இத்தாலி போனான், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். செய்தது அவன், பழி மேசைமேல் விழுந்தது. இனிமேல் எங்கே உட்கார்ந்தால் என்ன என்று அக்கா மூலையையே தன் இடமாக்கிக்கொண்டார்.

மெனு அட்டையைக் கையாலும் தொடாத வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. ஒக்தாவ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். அந்தரத்தில் தனியாக உட்கார்ந்தே பழகிய மனிதர், பேச்சு குறைவு. மனைவி காலமான பிறகு தினமும் மதியம் வருவார், தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்ப்பார். வந்ததைச் சாப்பிடுவார். ரொட்டியால் தட்டை வழித்து, "கை மணக்குது" என்பார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக அக்கா காலையிலிருந்து காத்திருப்பார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு மட்டும்தான் அது தெரியாததுபோல ஒரு பாவனை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள், தட்டை வழித்தபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"ஸ்மரான்டா, ஒண்ணு கேக்கணும். எனக்குத் தனியாச் சாப்புட்டு அலுத்துப்போச்சு. நாம ரெண்டு பேரும் ஒரே மேசைல உக்காந்தா என்ன? பாதிரியார்கிட்ட சொல்லி, முறையாத்தான்."

அக்காவின் காதுமடல் சிவந்தது. கரண்டியால் அந்தச் சதுர மேசையின் மூலையைக் காட்டினார். "நான் உக்காருற எடத்தப் பாத்திருக்கீங்கல்ல? இத்தன வருஷமா அங்க உக்காந்தவளுக்கு இனிமே என்ன சார்? சூப் இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?"

சும்மா சாக்குச் சொல்கிறாள் என்றார் ஃபனெல் அண்ணன். சாக்கில்லை, பயம். மூலையை விட்டு எழுந்து, மறுபடியும் எவனாவது விட்டுவிட்டுப் போனால், அப்புறம் பழிபோட மேசைகூடக் கிடையாதே.

ஒக்தாவ் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மறுநாளும் வந்தார், சாப்பிட்டார். குளிர்காலம் முழுக்க வந்தார். வசந்தம் பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை, சோளக் களியைக் கோஸ் சுருளோடு பிசைந்துகொண்டே சொன்னார்: "மக திமிஷ்வாராவுக்கே வந்துடுங்கப்பாங்குறா. வீட்ட வாங்க ஆள் வந்திருக்கு. அடுத்த திங்கக்கெழம ரயிலு."

அக்கா மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "அங்க உங்க சூப்புக்கு வினிகர் யாரு ஊத்துவா?"

"நானே ஊத்திக்குவேன்."

"உங்களுக்கு அளவு தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்த வாரம் பேட்டையே தப்புத் தப்பாகச் சாப்பிட்டது. பூண்டு வாசனையே ஆகாத டிராம் டிரைவருக்குப் பூண்டு கொட்டிய சூப் போனது. வெள்ளிக்கிழமை ரொதிகாவுக்குக் கறி உருண்டை வந்தது. அவள் அம்மாவின் சன்னலைப் பார்க்காமல் மளமளவென்று விழுங்கிவிட்டாள். வக்கீல் சூப்பைப் பாதியில் விட்டும் பப்பனாஷ் வந்து நின்றது. ஏதோ வம்பு என்று பயந்து அவர் அதைத் தொடவேயில்லை. கல்யாணமாகாத இரண்டு பையன்கள் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பார்த்தார், பார்த்துக்கொண்டே கடந்து போனார். ஃபனெல் அண்ணன்தான் பதறிப்போய், அடுப்பை விட்டுவிட்டு வந்து நாற்காலிகளை இழுத்துப்போட்டார். "எண்ணெய் கருகுதுடா, சீக்கிரம் நவுருங்கடா. இந்த வேலையும் இனிமே என் தலைலதானா?"

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து கடை நிறைந்திருந்த நேரம். தெருவில் கடகடவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், ஒக்தாவ் ஒரு பெரிய வட்டப் பலகையை, பிள்ளைகள் வண்டிச் சக்கரம் உருட்டுவதுபோல, கல் பாவிய தெருவில் உருட்டிக்கொண்டு வருகிறார். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, முகமெல்லாம் வேர்வை. பின்னால் ஃபனெல் அண்ணன், அடுப்படி வேலையை அம்போவென்று விட்டுவிட்டு, அந்தப் பலகையைத் தாங்கும் மேசையின் ஒற்றைக் காலைத் தோளில் சுமந்தபடி வருகிறார். எதிரே வந்த டிராம் மணியடித்து நின்று வழிவிட்டது.

கடைக்குள் வந்தவர்கள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சதுர மேசையைக் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிப்போனார்கள். காலை நட்டு, பலகையை முடுக்கி, அதே இடத்தில் வட்ட மேசையை நிறுத்தினார்கள்.

"என்ன சார் இது?" என்றார் அக்கா.

"மேசை."

"அது தெரியுது. யாரோடது?"

"என் வீட்டு மேசை. வீடு வாங்கறவன் இதையும் சேத்துக் கேட்டான், குடுக்கல." ஒக்தாவ் மூச்சு வாங்கினார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. "மூலைலதான் உக்காருவேன்னு அடம்புடிக்கிறீங்க. சரி, உக்காருங்க. இதுல மூலை எங்க இருக்குன்னு கண்டுபுடிச்சு உக்காருங்க. நீங்க உக்காந்தா நான் போகல, வீட்டையும் விக்கல. உக்காரலன்னா மேசை உங்களுக்கு, ரயிலு எனக்கு."

"சும்மா சொல்லலம்மா இவரு, பொட்டி கட்டி வாசல்ல வெச்சிருக்காரு" என்றார் ஃபனெல் அண்ணன்.

டிராம் டிரைவர் மிளகாயைக் கடித்த வாயோடு அப்படியே இருந்தார். அக்கா தோளில் கிடந்த துணியை எடுத்து மேசை விளிம்பில் வைத்தார். துடைத்துக்கொண்டே சுற்றி வந்தார். ஒரு சுற்று வந்து, நம்பிக்கையில்லாமல் இன்னொரு சுற்றும் வந்தார், இந்த முறை துணியில்லாமல், வெறும் விரலால். விரல் எங்கும் இடறவில்லை.

"கிறுக்குப் புடிச்ச மனுஷன்" என்றார். ஏப்ரன் முடிச்சை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, இரண்டு காலையும் மேசைக்கடியில் நீட்டி உட்கார்ந்தார்.

ஒக்தாவ் எதிரே உட்கார்ந்தார். ஃபனெல் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாகப் பரிசாரகராகி, "என்ன கொண்டாரட்டும்?" என்று கேட்டார். வழக்கம்போல ஒக்தாவ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். கடையே அக்காவின் முகத்தைத்தான் பார்த்தது.

அக்கா அக்குளிலிருந்து மெனு அட்டையை எடுத்தார். பாவாடையில் ஒரு தடவை துடைத்தார். அதை விரித்து, ஒக்தாவின் கையில் கொடுத்தார்.